லோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய அக்கா

1

சென்ற மாதம் எங்கள் பல் மருத்துவமனையில் கேக் வெட்டினார்கள். கொரோனா முடக்கத்தில் சாத்திய கதவைத் திரும்பத் திறந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பல்லுக்கு ஆகாத தின்பண்டம் அத்தனையையும் மேசையில் பரப்பியிருந்தார்கள். மேலாளர் ஒரு தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். வசந்தி என்ற என் பெயரை வழக்கம்போல 'வசன்டி' என்றார். பதினாறு வருடமாக அப்படித்தான். திருத்துவதை நானும் விட்டுவிட்டேன். கதவு மூடியிருந்த நாட்களில் இந்த மருத்துவமனையின் குரலாக இருந்தவர் என்று சொல்லி எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பல் தெரியச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டலாம் என்றார். வேண்டாம் என்று பிடுங்கி, பிளாஸ்டிக் பைகளை மடித்து வைக்கும் இழுப்பறைக்குள் போட்டேன். ஏன் என்று கேட்டார். தலைவலி என்றேன். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் விட்டுவிடுகிற மனிதர், விட்டுவிட்டார்.

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், கறிவேப்பிலை கிடைக்காததைப் பற்றி எழுதுவார்கள். எனக்கும் அந்தக் குறைகள் எல்லாம் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழை மடித்து வைத்த நாளிலிருந்து என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை. இது நான் செய்த ஒரு வெட்கக்கேடான காரியம். திருச்சுழிப் பக்கம் யாராவது இதைப் படித்தால், முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2

நான் பல் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். நாள் குறித்துக் கொடுப்பதும், வராதவர்களுக்குக் கடிதம் அனுப்புவதும், வந்தவர்களை உட்காரச் சொல்வதும்தான் வேலை. அருப்புக்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். இவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்து, இரண்டு வயது மகள் தாரணியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த அடுத்த வருடம் இந்த வேலை கிடைத்தது.

அன்றைக்கே திருச்சுழிக்குப் போன் செய்து ராஜம் அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதன்பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், தன் புகுந்த வீட்டில் சண்டை போட்டு என்னைக் கல்லூரியில் சேர்க்க வைத்ததும் அவள்தான்.

"என்ன வேல தாயி?" என்று கேட்டாள்.

"பல்லாஸ்பத்திரியிலக்கா."

"நர்சு வேலையா?"

"அது மாதிரிதான்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. போதாததற்கு, மருத்துவமனையில் கொடுத்த கருநீல மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். எங்கள் இடத்தில் தரை துடைக்கிறவருக்கும் அதே சட்டைதான். அது திருச்சுழிக்கு எப்படித் தெரியும்? அத்தான் அதைச் சட்டம் போட்டுத் தன் மளிகைக் கடையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஒரே வருடத்தில் நான் லண்டன் பல் டாக்டர் ஆகிவிட்டேன். நான் இருப்பது லண்டனும் இல்லை, அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். ஊருக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். அதையும் நான் திருத்தவில்லை.

அக்கா மகள் கௌசல்யாவின் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பந்தி நடக்கும் இடத்திலேயே ஆட்கள் வாயைத் திறந்து காட்டினார்கள். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருவர் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். ஈறு இறங்கியிருக்கிறது, மெதுவாகத் துலக்குங்கள் என்றேன். எங்கள் டாக்டர் அப்படிச் சொல்வதைப் பத்து வருடம் காதால் கேட்டவள்தானே. அதன்பிறகு வாட்ஸ்அப்பில் பற்கள் வரத் தொடங்கின. எம்.ரெட்டியபட்டியில் இருந்துகூட ஒருவர் தன் கடைவாயைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே போனை எடுத்தால் "இங்கிலீஷ் தெரிந்த வேறு யாராவது இருக்கிறார்களா" என்று கேட்கிற நோயாளிகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் நான். அங்கே ஓர் அரசாங்க ஊழியர் என் வார்த்தைக்காக வாயைத் திறந்தபடி நிற்கிறார். அந்தச் சுகத்தை யாரும் கெடுத்துவிடக் கூடாது என்று இருந்தேன்.

3

முடக்கம் வந்தது. பல் மருத்துவமனைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டார்கள். எங்கள் எண்ணுக்கு வரும் அழைப்புகளை என் சமையலறை மேசைக்குத் திருப்பிவிட்டார்கள். மேலிடத்திலிருந்து நாலு பக்கத்தில் ஒரு கேள்வித்தாள் வந்தது. முகம் வீங்கியிருக்கிறதா, ரத்தம் நிற்காமல் வருகிறதா, விழுங்கச் சிரமமா, வலி துடித்துத் தெறிக்கிறதா, தூக்கத்தைக் கெடுக்கிறதா, ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு. இதில் ஒரு கட்டத்தில் குறி விழுந்தாலும் எங்கள் டாக்டர் அவரைத் திரும்ப அழைப்பார். தேவைப்பட்டால் நகரத்தில் இருக்கும் அவசர மையத்துக்கு அனுப்புவார். எதிலும் குறி விழாவிட்டால் உப்புத் தண்ணீர், வலி மாத்திரை, பொறுமை. பல் சுத்தம் செய்வது, சொத்தை அடைப்பது, கட்டுப்பல் சரிசெய்வது, கம்பி முடுக்குவது எதுவும் கிடையாது.

கட்டுப்பல் உடைந்த ஒரு பாட்டி வாரக்கணக்கில் சூப்பு மட்டும் குடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பாதி வேலையில் நிற்கும் பல்லோடு ஒருவர் தினமும் கூப்பிட்டார். "உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்" என்பேன். சாயங்காலம் ஆவதற்குள் அந்த வாக்கியம் தானாகவே வாயிலிருந்து வரும். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் தாரணி இன்னொரு தோசை கேட்டாள். அதே குரலில், அதே இங்கிலீஷில், பட்டியலில் சேர்த்திருக்கிறேன் என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

சிரித்தாலும் அந்தத் தாள் எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது. நான் யாரையும் மறுக்கவில்லை, தாள் மறுக்கிறது. அவர்கள் அழுதாலும் திட்டினாலும் அது என்னைச் சேராது.

4

ஏப்ரலில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, நான் லைனைத் திறப்பதற்குச் சற்று முன்பு, அக்கா கூப்பிட்டாள். அங்கே மதியம் ஒன்றரை. கடைகளை ஒரு மணிக்கு மூடிவிட வேண்டும் என்று கெடுபிடி இருந்த நேரம்.

"வேலையில இருக்கியா தாயி?"

"சொல்லுக்கா. இப்பத்தான் லைனத் தொறக்கணும்."

"ஒண்ணுமில்ல. இந்தக் கீழ் கடவாப்பல்லு நாலு நாளா நச்சரிக்குது. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, காதுவரைக்கும் ஏறுது. ராத்திரி படுக்க முடியல. என்ன செய்யலாம்?"

"வீக்கம் இருக்கா?"

"வெளிய ஒண்ணும் தெரியல."

"ரத்தம் வருதா? முழுங்க முடியுதா?"

"அதெல்லாம் முடியுது."

"ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள சொல்லணும்னா வலி எவ்வளவுக்கா?"

"இதென்ன, பரீட்ச மார்க்கா? நீயே போட்டுக்க."

நான் நாலு போட்டேன். எந்தத் தாளிலும் இல்லை, மனதுக்குள். கடிகாரம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்குப் பின்னால் ஏதோ வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா சத்தம்?"

"லோடு ஆட்டோ. சரக்கெடுக்க அருப்புக்கோட்டைக்குப் போகுது."

"சரி, உப்புத்தண்ணி வச்சுக் கொப்புளி. பாரசிட்டமால் போடு. கொரோனா நேரத்துல ஆஸ்பத்திரி, கிளினிக்குன்னு அலையாத. எல்லாம் தொறந்ததும் பாத்துக்கலாம்."

"அப்பப் பயமில்லையே?"

"ஒண்ணும் பயமில்லக்கா."

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. போனை வைத்துவிட்டு லைனைத் திறந்தேன். அன்று முதலில் கூப்பிட்டவர் ஓர் ஆங்கிலேயர். பல் துடித்துத் தெறிக்கிறது, தூங்கவில்லை என்றார். யோசிக்காமல் இரண்டு கட்டத்தில் குறி போட்டு டாக்டருக்கு அனுப்பினேன். அவரை அன்று மதியமே அவசர மையத்தில் பார்த்தார்கள்.

அக்கா சொன்னதும் அதே இரண்டும்தான். இதை நான் உணர்வதற்கு இரண்டு வருடம் ஆனது. இங்கிலீஷில் சொன்னால் அது நோயின் அறிகுறி. தமிழில் அக்கா சொன்னால் அது அக்கா பேசுகிற பேச்சு. முதுகு வலிக்கிறது, வெயில் கொளுத்துகிறது, மாமியார் படுத்துகிறாள் என்பதுபோல வீட்டுச் சத்தமாகக் காதில் விழுந்தது. அதோடு, வெளிநாட்டில் இருப்பவர்களிடம் நம் ஆட்கள் எதையும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார்கள். "ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தாலே ஏதோ இருக்கிறது. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரியாதா?

5

அதே வாரம் தாரணியின் பல்லில் கட்டியிருந்த கம்பியின் நுனி விட்டுப்போய்க் கன்னத்தின் உள்பக்கம் குத்தியது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. தாள் இதற்கு என்ன சொல்கிறது என்று எனக்கு மனப்பாடம்: மெழுகு வைத்து அழுத்தவும், முடிந்தால் நகவெட்டியால் நுனியை நறுக்கவும், காத்திருக்கவும். அவளைப்போல எத்தனை பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அதை நானே வாசித்திருக்கிறேன்.

தாரணி கம்ப்யூட்டரில் வகுப்பு நடக்கும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவசர மையத்தைக் கூப்பிட்டு, எங்கள் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி, வீக்கம் இருக்கிறது என்றேன். காய்ச்சல்? லேசாக இருக்கிறது என்றேன். அன்று மாலை நாலு மணிக்கு வரச் சொன்னார்கள்.

"அம்மா, எனக்கு வீக்கம் இல்லையே" என்று பக்கத்தில் இருந்து தாரணி இங்கிலீஷில் சொன்னாள்.

"பேசாம இரு" என்றேன் தமிழில்.

காரில் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கம்பியை நறுக்கிவிட்டார். எனக்குப் பின்னால் ஒரு மனிதர் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார். அவருடைய முறை எங்களால் எவ்வளவு தள்ளிப்போனது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தாரணி இப்போது வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள் பேசும் தமிழ் வருடத்துக்கு வருடம் குறைகிறது. போன வருடம் ஏதோ ஒரு பொய்க்காக அவளைக் கண்டித்தபோது, அபூர்வமாகத் தமிழில், "நீங்க மட்டும் எனக்கு வீங்கிருக்குன்னு சொன்னீங்களே" என்றாள். அவளிடம் மிஞ்சியிருக்கிற தமிழில் அதுவும் ஒன்று.

எனக்குக் கேள்வித்தாளை வளைக்கத் தெரியாமல் இல்லை. மகளுக்கு வளைத்தேன். அக்காவுக்கு அதை ஒழுங்காக வாசிக்கக்கூட இல்லை.

6

அக்காவிடம் பேசி நாலைந்து நாள் கழித்துக் கூப்பிட்டேன். கௌசல்யா எடுத்தாள். புருஷன் வேலை செய்யும் ஊரிலிருந்து முடக்கத்துக்கு முன்பே வந்து அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா தூங்குறா சித்தி" என்றாள். அடுத்த நாள் குளிக்கிறாள். அதற்கடுத்த நாள் கடையில் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு அக்கா வீட்டில் எந்நேரமும் தூக்கமும் குளியலுமாகவே இருந்தது. பிறகு அக்காவே பேசினாள். வார்த்தைகள் குழறின.

"பல்லப் புடுங்கிட்டாக தாயி. அதான் பேச்சு கொழகொழன்னு வருது."

வீடியோவில் வரச் சொன்னால் நெட்டு சரியில்லை என்பாள். இரண்டு வருடம் திருச்சுழியில் நெட்டு சரியாகவே இல்லை. உண்மையைச் சொன்னால், அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

2022 மே மாதம் ஊருக்குப் போனோம். முதல் மூன்று நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மெலிந்திருந்தாள், அவ்வளவுதான். எங்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் தனியாகச் சாப்பிட்டாள். அது அவள் எப்போதும் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன். நாலாவது நாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனேன். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சோற்றை ரசத்தில் கூழாகக் கரைத்து, குழந்தைக்கு ஊட்டும் சின்னக் கரண்டியால் உதட்டுக்கு நடுவே செலுத்திக்கொண்டிருந்தாள். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. எப்போதும் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த முந்தானை விலகியிருந்தது. இடது தாடைக்குக் கீழே, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, தோலை உள்ளே இழுத்துப் பிடித்துத் தைத்ததுபோல இருந்தது.

"என்னக்கா இது?"

"அது ஆறிப்போச்சு தாயி. நீ போயி ஒக்காரு" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கௌசல்யாவை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா சித்தி. சொன்னா நீங்க அங்க கெடந்து தவிப்பீகளாம். பிளேன் வேற இல்ல."

"இப்பச் சொல்லு."

"அன்னைக்கு பஸ்ஸு இல்ல, பைக்குல போனா போலீஸ் மடக்குறாக. அப்பாவோட லோடு ஆட்டோவுக்கு மட்டும் சரக்கெடுக்கப் பாஸ் இருந்துச்சு. அருப்புக்கோட்டையில ஒரு டாக்டரம்மாகிட்ட அப்பா போன்ல பேசி வச்சிருந்தாக. கிளினிக்கு மூடித்தான் இருக்கு, பின்வாசல் வழியா வாங்க, நான் பாக்குறேன்னு அந்தம்மா சொல்லிருச்சு. அம்மா டிரைவர் பக்கத்துல ஏறி ஒக்காந்துட்டா. கிளம்பப் போற நேரத்துல, எதுக்கும் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குறேன்னு, வண்டியில இருந்துக்கிட்டேதான் ஒங்களுக்குப் போன் போட்டா."

"அப்புறம்?" என்றேன்.

"பேசி முடிச்சதும் எறங்கிட்டா. ஏன் எறங்குறன்னு அப்பா கேட்டாக. எந் தங்கச்சி பாக்காத பல்லா, அவளே பயமில்ல அலையாதன்னுட்டா, நீங்க சரக்க எடுத்துட்டு வாங்கன்னுட்டா. மூணாம் நாளு கழுத்து வரைக்கும் வீங்கிருச்சு சித்தி. வாயத் தொறக்க முடியல, எச்சி முழுங்க முடியல. 108-ல மதுரைக்குக் கொண்டு போனோம். தாடைக்குக் கீழ கிழிச்சுத்தான் சீழ எடுத்தாக. தொண்டையில ஓட்டை போடணும்னு கையெழுத்து வாங்கி, அப்புறம் போடல. பதினொரு நாளு. கூட இருக்க என்னைய மட்டுந்தான் விட்டாக."

துணியை மடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அழுவதைப் பார்த்து என் கையைப் பிடித்தாள்.

"நீங்க என்ன செய்வீக சித்தி? எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் போன்ல கேட்டுச் சொல்ல முடியுமா?"

நான் டாக்டர் இல்லை கௌசல்யா என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே இருந்து அக்கா காப்பி குடிக்கக் கூப்பிட்டாள். அதைச் சாக்காக வைத்து இறங்கிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட ஒரு பெண்ணை நான் இறக்கிவிட்டிருக்கிறேன். முடக்கமோ போலீஸோ அவளைத் தடுக்கவில்லை. அவளுக்குத் திறந்திருந்த ஒரே கதவை நான் சாத்தினேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் கீழே போய்க் காப்பி குடித்தேன்.

7

அக்காவை வற்புறுத்தி அருப்புக்கோட்டைக்கு அதே டாக்டரம்மாவிடம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பந்தல்குடிக்காரப் பெண்; முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அக்காவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் பின்வாசலத் தொறந்து வச்சு ஒக்காந்திருந்தேம்மா. ஏன் வரல?"

அக்கா கூச்சப்படவே இல்லை. "எந் தங்கச்சி லண்டன்ல பல் டாக்டருங்க. அவகிட்டக் கேட்டேன், அலைய வேணாம்னுட்டா. இந்தா, இவதான்" என்று என் தோளைத் தொட்டுக் காட்டினாள். அந்தச் சின்ன வாய்த் திறப்பில் அவளுக்குச் சிரிக்கக்கூட வரவில்லை. கண்ணில் மட்டும் பெருமை தெரிந்தது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அங்க எந்தப் பிரிவுல இருக்கீங்க மேடம்?"

ஜெனரல் என்றேன். அதுவரை நான் 'அது மாதிரிதான்' என்று மழுப்பியவள். என் வேலையைப் பற்றி நேருக்கு நேர் சொன்ன முதல் பொய் அதுதான்.

அக்காவின் தாடையை எடுத்த எக்ஸ்ரே படத்தை என்னிடம் நீட்டினார். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். "இந்தப் பக்கம் எலும்பு கொஞ்சம் கரைஞ்ச மாதிரி இருக்கு" என்று ஓர் இடத்தைக் காட்டினேன்.

டாக்டரம்மா படத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, இடம் வலம் மாற்றித் திருப்பி, விளக்குப் பெட்டியில் வைத்தார். நான் காட்டியது நல்ல பக்கத்தை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அக்காவிடம், "தங்கச்சி சொல்றதுதாம்மா. தெனமும் வாயத் தொறக்குற பயிற்சி பண்ணணும், எழுதித் தாரேன்" என்றார்.

என்னை அக்காவின் முன்னால் காட்டிக்கொடுக்காமல் விட்டார். அவர் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். திரும்பும் பஸ்ஸில் அக்கா பக்கத்து சீட்டுக்காரியிடம், படத்தைப் பார்த்த உடனே தன் தங்கை எல்லாம் சொல்லிவிட்டாள் என்று குழறிய வார்த்தைகளில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். திருச்சுழி வரும் வரைக்கும் தலையைத் திருப்பவில்லை.

அதன்பிறகு மூன்று வருடம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவிடம் பேசுகிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்து, மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

8

போன ஞாயிறும் கூப்பிட்டேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே அக்கா எடுத்தாள்.

"நல்லவேள, நீயே பேசிட்ட. எதுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வயசு. பல்லு வலின்னு நேத்துல இருந்து அழுகுது. கன்னம் வீங்கிக் கெடக்கு, காச்சலும் அடிக்குது. அவுக அம்மா இங்கதான் பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறா. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், சொல்லு. உப்புத்தண்ணி போதுமா?"

"போதாதுக்கா. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. இன்னைக்கே."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. கிளினிக்கெல்லாம் பூட்டிக் கெடக்கும். நீ ஒரு மாத்திர பேரு மட்டும் சொல்லு, நாளைக்குக் காலையில போகட்டும்."

"பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுக்கா. அங்க எந்நேரமும் டாக்டர் இருப்பாக."

"அங்க போயிக் கூட்டத்துல நிக்கணுமேங்குறா. நீ டாக்டருதான, நீயே சொல்லேன் தாயி."

அந்தப் பிள்ளையின் தேம்பல் எனக்குக் கேட்டது. டாக்டர் என்ற முறையில் அதட்டிச் சொல்லியிருந்தாலும் அவர்கள் போயிருப்பார்கள். அதற்கும் என் நாக்கு தயாராகத்தான் இருந்தது. அப்படிச் சொன்னால் அடுத்த வாரம் இன்னொரு பிள்ளை வரும் என்பதும் தெரிந்தது.

"நான் டாக்டர் இல்லக்கா" என்றேன். "நர்சும் இல்ல. பல்லாஸ்பத்திரியில போன் எடுக்குறவ. நாள் குறிச்சுக் குடுக்குறவ. பல்லப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றதக் கேட்டு யாரும் வீட்டுல இருக்காதீக. அந்தப் பிள்ளைய இப்பவே தூக்கிட்டுப் போகச் சொல்லு."

அந்தத் தாயின் குரல், "அப்ப நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றது. இரும்புக் கேட்டு திறந்து மூடியது. பிள்ளையின் அழுகை தெருவில் தேய்ந்துபோனது. மறுநாள் கௌசல்யா சொல்லித் தெரிந்துகொண்டேன், அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அன்றே சேர்த்துக்கொண்டார்களாம், வீக்கம் வடிய ஆரம்பித்திருக்கிறதாம்.

ஆனால் அன்று நாங்கள் இன்னும் போனை வைக்கவில்லை. அக்கா ஸ்பீக்கரை நிறுத்தினாள். அவள் மூச்சு காதுக்குப் பக்கத்தில் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டத் தெரிந்தவள்தான்.

"அப்ப அன்னைக்கு எனக்குச் சொன்னது?" என்றாள்.